கலஹா ரோட்டில் இறங்கி வந்த பசி

கண்டியின் பழைய படங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரே தெருதான். அன்றைக்கு அதன் பெயர் வார்ட் வீதி. இன்றைக்குத் தலதா வீதி. ஒரு முனையில் வாவி, மூலையில் குயின்ஸ் ஹோட்டலின் வெள்ளைச் சுவர், வாசலில் இரண்டு மூன்று ரிக்‌ஷா, கைத்தடியோடு ஒரு துரை. பிளாட்டே கம்பனி போன்ற படக்காரர்கள் இதைத் தபாலட்டையாக அச்சிட்டு விற்றார்கள். கண்டியின் பழைய சாப்பாட்டு இடங்கள் என்று யார் பேச்செடுத்தாலும் கதை அந்த ஹோட்டலில் தொடங்கி, வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஹோட்டல் சுவிஸ்ஸில் முடிந்துவிடுகிறது.

அந்தக் கதை பொய்யில்லை. தோட்டத் துரைமார் தங்கள் சங்கத்தை 1854இல் தொடங்கியது கண்டியில்தான். 1867இல் கொழும்பிலிருந்து ரயில் வந்து சேர்ந்தபின் வெள்ளைக்காரப் பயணிகளுக்கும் குறைவில்லை. ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே 1911இல் வந்தார். டி.எச். லாரன்ஸ் 1922இல் வந்து, வேல்ஸ் இளவரசருக்காக நடந்த பெரஹெராவைப் பார்த்துவிட்டு, வெக்கை தாங்கவில்லை என்று சில வாரங்களில் கப்பலேறினார். இவர்கள் எழுதியது எல்லாம் அச்சில் இருக்கிறது. இவர்கள் எந்த மேசையில் உட்கார்ந்தார்கள் என்பதுகூடச் சுற்றுலாக் கையேடுகளில் கிடைக்கும்.

ஆனால் நகரத்தின் வயிறு வேறு இடத்தில் இருந்தது. திருகோணமலை வீதி, காசில் வீதி, கொழும்பு வீதி, மார்க்கெட்டைச் சுற்றிய சந்துகள். அங்கே சாப்பிட வந்தவர்களில் பெரும்பகுதியினர் மலையிலிருந்து இறங்கியவர்கள். புசல்லாவை, மடுல்கலை, ஹேவாஹெட்ட, தெல்தோட்டை என்று நாலா பக்கமிருந்தும் வந்தார்கள். அத்தனை வழிகளையும் ஒரு கட்டுரையில் அடக்க முடியாது. ஒரு ரோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போகலாம்: பேராதனையில் பிரிந்து கலஹாவுக்கு ஏறும் ரோடு.

பேராதனைப் பூங்காவுக்குப் பக்கத்தில் கலஹா சந்தி. அங்கே பிரியும் ரோடு இப்போது பல்கலைக்கழக வளாகத்தின் நடுவே போகிறது. ஹிந்தகலையைத் தாண்டியதும் ஏற்றம். வளைவுக்கு வளைவு தேயிலை. கலஹா பசாரைக் கடந்தால் தெல்தோட்டை. அதற்கும் அப்பால் லூல்கந்துர. இலங்கைத் தேயிலையின் கதை தொடங்கிய தோட்டம் அது.

1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர், 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். தொழிற்சாலை என்று ஒன்று முதலில் கிடையாது. அவருடைய பங்களா விறாந்தைதான் தொழிற்சாலை. மேசையில் கொழுந்தைப் பரப்பி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கையை அழுத்திச் சுருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரி மூட்டி, கம்பித் தட்டில் போட்டு வாட்டினார்கள். அப்படி வந்த தூள் அக்கம்பக்கத்திலேயே இறாத்தல் ஒரு ரூபாய் ஐம்பது சதத்துக்கு விலைபோனது. வாங்கியவர்கள் அயல் தோட்டத்துத் துரைமார். சுருட்டிய கைக்கு அந்த விலை பல நாள் கூலி. 1873இல் 23 இறாத்தல் லண்டனுக்குப் போனது என்பது பாடப்புத்தகச் செய்தி. அதற்கு முன்பே உள்ளூரில் ஒரு சின்னச் சந்தை இருந்தது என்பதுதான் இங்கே முக்கியம்.

தொழிலாளர் அவரைச் ‘சாமி துரை’ என்று கூப்பிட்டதாகச் சொல்வார்கள். 1892 மே மாதம் அவர் இறந்தபோது பன்னிரண்டு பன்னிரண்டு பேராக இரண்டு கூட்டம் மாறி மாறிப் பிரேதத்தைத் தூக்கிக்கொண்டு கண்டி மகியாவை மயானம் வரை பதினெட்டு மைல் நடந்தது. ஆள் கனத்த சரீரம். தூக்கியவர்கள் வழியில் எங்கே இறக்கி வைத்தார்கள், எங்கே தண்ணீர் குடித்தார்கள் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. டெய்லரின் கல்லறையை இன்றும் பார்க்கலாம். அதே மகியாவையில்தான் கண்டித் தெருக்களைத் தலைமுறை தலைமுறையாகக் கூட்டிப் பெருக்கிய தமிழ் நகரசபைத் தொழிலாளர்களின் குடியிருப்பும் இருக்கிறது.

கோப்பிக் காலத்தில் கலஹா மாதிரி ஒரு பசாருக்குப் பெரிய வேலை இருந்திருக்காது. கோப்பி பழுக்கும் சில மாதங்களுக்குத்தான் அதிக ஆள் வேண்டும். புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர், ராமநாதபுரம், சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, பழம் பறித்துவிட்டு ஊர் திரும்பினார்கள். வழியிலேயே விழுந்து செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த பதினைந்து இருபது வருடத்தில் கோப்பி ஒழிந்தது. தேயிலை வந்தபின் கதை மாறியது. கொழுந்து வருடம் முழுவதும் துளிர்க்கும், வருடம் முழுவதும் பறிக்க வேண்டும். ஆகவே ஆட்கள் குடும்பத்தோடு லயம் என்ற வரிசை வீடுகளில் தங்கினார்கள். நிரந்தரமாக ஆள் இருந்தால் உப்பு, புளி, துணி, வெற்றிலை, சவரம், அடகு எல்லாம் நிரந்தரமாக வேண்டும். தோட்ட எல்லை முடியும் இடத்தில், நாலு ரோடு கூடும் இடத்தில், பசார் முளைத்தது. மலைநாட்டுச் சிறுநகரங்களில் பாதி இப்படிப் பிறந்தவைதான்.

தோட்ட எல்லை என்பது வெறும் வேலி இல்லை. அந்த நாட்களில் வெளியாள் உள்ளே வரத் துரையின் அனுமதி வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் தோட்ட நிலைமையை நேரில் பார்க்க விரும்பியபோது துணி வியாபாரி வேடத்தில்தான் உள்ளே போக முடிந்தது. பின்னாளில் மலைநாட்டின் முதல் தொழிற்சங்கங்களைக் கட்டியவர் அவர். அப்படிப்பட்ட ஊரில் நாலு பேர் கூடி உட்கார்ந்து தடையில்லாமல் பேசக்கூடிய இடம் எது? கோவில் தோட்டத்துக்குள். லயம் தோட்டத்துக்குள். பசாரில் இருந்த தேத்தண்ணிக் கடை மட்டும் துரையின் கைக்கு எட்டாத நிலத்தில் இருந்தது.

இதைக் கூட்டிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டப் பகுதியில் முல்லோயாத் தோட்டத்துத் தொழிலாளர் நாட்கூலியில் 16 சதம் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜனவரி 10ஆம் தேதி பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி விழுந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாறு அவரை முதல் தியாகியாக எண்ணுகிறது. விசாரணைக் கமிஷனில் கோவிந்தனின் மனைவிக்காக ஆஜரானவர் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. சங்கம் என்ற சொல்லையே துரைமார் சகிக்காத அந்த நாட்களில் சங்கக்காரர் ஆள் சேர்த்தது, துண்டுப் பிரசுரம் கைமாறியது எல்லாம் தோட்டத்துக்கு வெளியே, ரோட்டோரத்தில், பசாரில்.

அந்தக் கடைக்குள் போய்ப் பார்க்கலாம். முன்பக்கம் பலகைக் கதவு; காலையில் ஒவ்வொரு பலகையாகக் கழற்றி ஓரத்தில் சாய்த்து வைப்பார்கள். உள்ளே புகை ஏறிய சுவர், அதில் முருகனும் லட்சுமியும் படம் போட்ட கலண்டர். வாசலோரமே பாய்லர், அடியில் தணல். தேத்தூள் போட்ட துணி வடி காலையிலிருந்து ஊறி ஊறிக் கறுத்திருக்கும். அதில் கொதிதண்ணீரை ஊற்றி, இரண்டு குவளைக்கு நடுவே ஒரு முழ உயரத்தில் ஆற்றி, நுரையோடு கிளாசில் விழுத்தினால் பிளேன்டீ. சீனி தட்டுப்பாடான காலத்தில், ஏன் மற்றக் காலத்திலும், உள்ளங்கையில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். கருப்பட்டி பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து வரும். பால் தேத்தண்ணி என்றால் டின்பால். கரண்டியால் கிளாசின் அடியில் விட்டு மேலே சாயத்தை ஊற்றுவார்கள், அடியில் வெள்ளையும் மேலே சிவப்புமாக மேசைக்கு வரும். கலக்கிக்கொள்வது குடிப்பவர் பாடு.

இந்தத் தேத்தூள் எங்கிருந்து வந்தது? கண்ணுக்கு எதிரே தெரியும் மலையில் பறித்தது கொழும்புக்குப் போகும். 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது முதல் நல்ல தரம் எல்லாம் பெட்டியில் அடைபட்டு ஏலத்துக்கு, அங்கிருந்து கப்பலுக்கு. கடைப் பாய்லருக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் சலித்து மிஞ்சிய தூள். சாயம் மட்டும் நன்றாக இறங்கும். மலைநாட்டுக்காரருக்குக் கடும் சாயத் தேத்தண்ணி பிடித்துப்போனதற்கு இந்தத் தூளுக்குப் பெரிய பங்கு உண்டு.

தின்பதற்கு என்ன? அடுப்பில் சுட்ட ரொட்டியும் கட்டச் சம்பலும். இதைத் தோட்டத்து ஆதி உணவு என்று நினைப்பவர்கள் உண்டு. தோட்டத்துப் பழைய உணவு சோறுதான். அரிசியைத் தோட்டமே கொடுத்துக் கூலியில் கழித்துக்கொண்டது. அந்த அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும் அரிசிக் கப்பல் நின்றது, பங்கீடு வந்தது, அரிசிக்குப் பதில் கோதுமை மா வந்தது. வேறு வழியில்லாமல் பழகிய மா பிறகு விடவே இல்லை. விடிகாலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, ஓட வேண்டியவருக்கு ரொட்டி கையிலேயே கொண்டுபோகச் சௌகரியம். பசார்க் கடையிலும் அதுவே முதல் சரக்கு. பாண், பருப்பு, வடை, பனிஸ் எல்லாம் அதன் பின்னால்.

சம்பளம் போட்ட பிறகு வரும் விடுமுறை நாளில் கலஹா பசாரோடு நிற்க மாட்டார்கள். பஸ் பிடித்துக் கண்டிக்கு இறங்குவார்கள். 1957 முடியும் வரை தனியார் பஸ் கம்பனிகள்; 1958 ஜனவரி 1 முதல் எல்லாம் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு பஸ். மலை ரோட்டில் அரைப் பகல் குலுங்கியவர்களுக்கு இறங்கியதும் முதல் வேலை சாப்பாடு. அதன்பிறகு துணிக்கடை, நகைக்கடை, அடகுக் கடையில் வட்டி, கட்டுக்கலைச் செல்வ விநாயகரைக் கும்பிடுதல், கையில் காசு மிஞ்சினால் படம்.

திருகோணமலை வீதியும் (இப்போது டி.எஸ். சேனாநாயக்க வீதி) அதை ஒட்டிய வீதிகளும் அப்போது தமிழும் முஸ்லிமும் கலந்த கடைத்தெரு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கோப்பிக் காலத்திலிருந்தே கண்டியில் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள். அவர்களைத் தொடர்ந்து தமிழ்நாட்டிலிருந்து துணிக்காரர், பாத்திரக்காரர், சமையல்காரர் வந்தார்கள். சைவக் கடையில் வாழையிலை, சாம்பார், ரசம், மரக்கறி. காலையில் இட்லி, தோசை. மாலையில் உளுந்து வடை. யாழ்ப்பாணத்தார் கை வைத்த கடையென்றால் இடியப்பமும் சொதியும் பிட்டும். முஸ்லிம் கடையில் கல்லில் விரித்து மடித்த கோதுமை ரொட்டி, ஆட்டிறைச்சிக் கறி, புரியாணி. தலதா வீதியில் இன்றும் நடக்கும் கண்டி முஸ்லிம் ஹோட்டலில் ஒரு மாலை உட்கார்ந்தால் அந்தக் காலத்துச் சத்தம் கொஞ்சம் காதில் விழும்.

கடைக்குக் கடை மாறாத ஒரு வழக்கம் இருந்தது. மேசையில் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு தட்டு வந்துவிடும். ரோல்ஸ், பற்றிஸ், வடை, பனிஸ் எல்லாம் குவித்திருக்கும். எடுத்ததைத் தின்னலாம், மீதி தட்டிலேயே கிடக்கும். எழும்பும்போது வெயிட்டர் தட்டை ஒரு பார்வை பார்த்து, குறைந்ததை மனதில் கூட்டி, காசு மேசையில் இருக்கும் முதலாளிக்கு அங்கிருந்தே குரல் கொடுப்பார்: “வடை ரெண்டு, ரோல்ஸ் ஒண்ணு, பிளேன்டீ மூணு!” எழுத்து இல்லை, துண்டு இல்லை. கணக்குத் தவறியதாக வெயிட்டரோடு சண்டை பிடித்தவர் கடையிலிருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் சண்டை பிடிக்க வேண்டும். சுகாதாரப் பரிசோதகர்களுக்கு இந்தத் தட்டு ஒருபோதும் பிடிக்காது. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மேசைக்கு மேசை சுற்றி வந்த வடையை எத்தனை கை தொட்டிருக்கும்?

இந்தக் கடைகளில் சாப்பாட்டுக்கு இணையாக விற்றது செய்தி. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கின. கடைக்கு ஒரு பத்திரிகை வரும். எழுத்துத் தெரிந்தவர் உரக்க வாசிக்க, தெரியாதவர் கேட்டுக்கொண்டிருப்பார். 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை வந்தபின் ரேடியோ வைத்த கடைக்குக் கூட்டம் கூடியது. எஸ்.பி. மயில்வாகனத்தின் குரல் கேட்கும் நேரத்தில் தேத்தண்ணி வியாபாரம் இரட்டிப்பு. கண்டிக்குப் பக்கத்து நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆரின் பாட்டு என்றால் கேட்கவே வேண்டாம்.

நடுவில் ஒரு வேடிக்கை. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு நேசப் படைகளின் தென்கிழக்காசியத் தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைப் பூங்காவில் கொட்டில்கள் எழும்பின, ஹோட்டல் சுவிஸ் இராணுவத்திடம் போனது, ஆயிரக்கணக்கான வெள்ளைக்காரரும் அமெரிக்கரும் தெருவில் நிறைந்தார்கள். அமெரிக்க உளவுத்துறையின் ஆவணப் பிரிவில் கோப்புக் கட்டிய உயரமான பெண் ஒருவர் பெயர் ஜூலியா மக்வில்லியம்ஸ். பால் சைல்ட் என்பவரைச் சந்தித்ததும் இங்கேதான். போருக்குப்பின் அவரையே மணந்து ஜூலியா சைல்ட் ஆனார். 1961இல் பிரெஞ்சுச் சமையல் புத்தகம் வெளியிட்டு அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற சமையல் ஆசிரியையானவர். கண்டியில் இருந்த காலத்தில் அவருக்குச் சமைக்கவே தெரியாது. நகரத்தின் உணவு வரலாற்றில் உலகம் அறிந்த ஒரு பெயர் இப்படி ஒருவருடையதாக வாய்த்திருக்கிறது!

சுதந்திரம் வந்ததும் சைவக் கடைகளின் அடுப்பில்தான் முதலில் தண்ணீர் விழுந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது எல்லாருக்கும் தெரியும். அதே வருடத்துக் குடிவரவுச் சட்டத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. தமிழ்நாட்டிலிருந்து வந்து கடையில் வேலை செய்த சமையல்காரரும் வெயிட்டரும் கணக்கரும் அதன்பின் தற்காலிக வதிவிட அனுமதி எடுத்துத்தான் இருக்க முடிந்தது. அனுமதி முடிந்தால் கப்பல். ஊருக்குக் காசு அனுப்பவும் கட்டுப்பாடு. ஆள் போகப் போகக் கைப்பக்குவமும் போனது. சில கடைகளை இங்கேயே பிறந்தவர்கள் எடுத்து நடத்தினார்கள். சில கை மாறின.

1952இல் பேராதனையில் பல்கலைக்கழகம் வந்து கலஹா ரோட்டின் அடிவாரத்துக்குப் புதிய வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்தது. மாணவர்கள். கடன் கொப்பி வைத்த கடைகளுக்கு அவர்களால் பெருமையும் உண்டு, நட்டமும் உண்டு. அடுத்த வருடமே, 1953இல், பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு அரசாங்கம் ஏற்ற, ஆகஸ்ட் 12ஆம் தேதி நாடு முழுவதும் ஹர்த்தால். இலங்கையில் சோற்றின் விலை அரசாங்கத்தை ஆட்டும் என்று அன்றைக்குத் தெரிந்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்க சில வாரங்களில் பதவி விலகினார்.

1964 அக்டோபரில், நாடற்றவரை இரு நாடுகளும் பிரித்துக்கொள்ள, சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். இந்தியாவின் உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகம் கண்டியில் இருந்ததால் மலைநாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் கடவுச்சீட்டு அலுவலாகக் கண்டிக்கு வந்தார்கள். கைக்குழந்தை, தகரப் பெட்டி, உறையில் சுற்றிய கடதாசிகள். கண்டிச் சாப்பாட்டுக் கடைகள் கடைசியாகக் கண்ட பெருங்கூட்டம் இதுவாக இருக்கலாம். படம் பிடிக்கும் ஸ்டூடியோக்காரருக்கும் மனுப் பூர்த்தி செய்து கொடுப்பவருக்கும் நல்ல காலம். இந்தியாவுக்குப் போனவர்களை ஏற்றிப்போன ரயிலை மலைநாட்டார் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். போனவர்களில் பலர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி தேயிலைக்கே போனார்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் ‘கண்டிக்காரர்’. கலஹாவில் பிறந்தவரும் பதுளையில் பிறந்தவரும் அங்கே கண்டிக்காரர்தான்.

பழைய கண்டித் தெருவை நினைத்து ஏங்குபவர்கள் 1973, 74ஐத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். உலகச் சந்தையில் அரிசியும் மாவும் சீனியும் எண்ணெயும் விலை ஏறிய வருடங்கள். பங்கீடு குறைந்தது. அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகக் கட்டுப்பாடு, வழியில் சோதனை. வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் ஹோட்டலில் சோறு பரிமாறத் தடை. மரவள்ளியும் வத்தாளையும் மேசைக்கு வந்தன. கிராமத்தவருக்குச் சொந்தத்தில் ஒரு துண்டு நிலமாவது இருந்தது. லயத்தில் இருந்தவருக்கு வாசல்படிக்கு வெளியே ஓர் அடி மண்கூடச் சொந்தமில்லை. வேலை நாட்களும் குறைந்தன. 1974இல் தோட்டங்களில் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்ததைப் புள்ளிவிவரமே சொல்கிறது. சம்பள நாளில் குடும்பமாக வந்து சாப்பிட்ட அதே தெருக்களில் தோட்டத்து மக்கள் கை நீட்டி நின்றார்கள். கடை வாசலில் இலை விழும் வரை காத்திருந்தவர்கள் உண்டு. இதையும் சேர்க்காமல் கண்டியின் உணவு வரலாறு எழுதினால் அது விளம்பரம்.

பிறகு நெருப்பு. கண்டியின் தமிழ் உணவுத் தொழிலில் உலகம் அறிந்த குடும்பம் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனுடையது. லக்கிலாண்ட் பிஸ்கட் அவர்கள் தயாரிப்பு. பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். 1977 கலவரத்தில் அவர்களுடைய பிஸ்கட் தொழிற்சாலை எரிக்கப்பட்டது. முரளியின் தந்தை வெட்டுக்காயத்தோடு தப்பினார். 1983 ஜூலை 26 பிற்பகலில் கண்டி நகரமே எரிந்தது. பேராதனை வீதியில் ஒரு மருந்துக் கடையில் தொடங்கி, பெற்றோல் கலனோடு வந்த கும்பல் காசில் வீதி, கொழும்பு வீதி, கிங் வீதி, திருகோணமலை வீதி என்று தமிழர் கடைகளைத் தேடித் தேடிக் கொளுத்தியது. மாலையில் ஊரடங்கு போடுவதற்குள் கும்பல் கம்பளைக்குப் போய்விட்டது. கடை என்றால் கட்டிடம் மட்டுமா? பெயர்ப் பலகை, கடன் கொப்பி, வாடகைச் சீட்டு, சுவரில் மாட்டியிருந்த திறப்பு விழாப் படம் எல்லாம் போயின. வார்ட் வீதி ஹோட்டலுக்கு இத்தனை ஆவணம் இருப்பதற்கும் திருகோணமலை வீதிக் கடைகளுக்கு எதுவும் இல்லாததற்கும் இது ஒரு நேரடிக் காரணம்.

காசில் வீதி இன்றைக்குக் கொட்டுகொடெல்ல வீதி. சைவக் கடைகள் அங்கங்கே மீண்டும் திறந்தன. தோசைக்குக் கண்டியில் இப்போது குறைவில்லை, சிங்கள இளைஞர்களே வரிசையில் நிற்கிறார்கள். கொத்து ரொட்டி பழைய பிளேன்டீக் கடைகளின் மாலை வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டது. கேட்காமல் வரும் தட்டு நகரத்தில் அருகிவிட்டது, மலைப் பசார்களில் இன்னும் வருகிறது. கலஹாவில் கொழுந்து லொறி நிற்கும் நேரத்தில் கடைக்குள் மூன்று மொழியும் கேட்கும்.

குயின்ஸ் ஹோட்டலைப் பற்றி இன்னொரு புத்தகம் வேண்டியதில்லை. வேண்டியது மற்றக் கடைகளின் பட்டியல்: பெயர், தெரு, முதலாளி ஊர், திறந்த வருடம், மூடிய வருடம், என்ன விற்றது. அதற்கான சான்றுகள் நூலகங்களில் இல்லை, வீடுகளில்தான் இருக்கின்றன. கலஹா, தெல்தோட்டை, கண்டியிலும் சரி, கூடலூர், கோத்தகிரியிலும் சரி, உங்கள் வீட்டில் ஒரு பழைய கடைப் பில், கலண்டர், திறப்பு விழா அழைப்பிதழ், கடை வாசலில் எடுத்த குடும்பப் படம் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். படத்தின் பின்னால் கடையின் பெயரையும் வருடத்தையும் பென்சிலால் எழுதி வையுங்கள். 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதியை அனுப்பிவிட்டு, அசலை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.